மூன்றாம் எண்ணில் பதில் சொன்ன சிப்

அன்று பிற்பகல் சாயப்பட்டறையில் இருந்தவர்கள் நான்கே பேர். முதலாளி சென்னியப்பன், டையிங் மாஸ்டர் இஸ்மாயில் பாய், பாய்லர் பார்க்கும் மாரப்பன், நான். நடந்ததைப் பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

1. கையெழுத்துக்குக் காத்திருந்த தாள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து, மைக்ரோகன்ட்ரோலர் போட்ட டெம்பரேச்சர் பெட்டி செய்து விற்கிற அளவுக்கு வந்திருந்தேன். துணி சாயத்தில் முங்கிச் சுற்றும் தொட்டிக்கு வின்ச் என்று பெயர். பித்தளைக் குழாயில் சென்சார் சிப்பை அடைத்து அதற்குள் இறக்குவேன். சூடு அறுபது டிகிரிக்குக் குறைந்தால் பெட்டி ஸ்டீம் வால்வைத் திறக்கும். அறுபது வந்தால் மூடும்.

இரண்டாம் வின்ச்சில் இரண்டு லாட் துணி திட்டுத்திட்டாக வெளுத்துப்போனது. முதல் லாட்டுக்கு பாயின் சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு ரூபாய் பிடித்தார்கள். இரண்டாவது லாட்டுக்கு அவரை வேலையை விட்டே அனுப்பப்போகிறார்கள். பெட்டி சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏனுங்க பாய், பெட்டி அம்பத்தெட்டுத்தானுங்களே காட்டுச்சு? அப்பறம் துணி எப்படீங்க வெந்துச்சு? சாயத்த எடை போட்டதுல கோளாறுன்னு ஒத்துக்குங்க" என்றார் முதலாளி.

"தொட்டியில வெச்ச என் கை வெந்துச்சுங்க மொதலாளி. வால்வ மூடறேன்னேன். பெட்டிய மீறிக் கை வைக்கக் கூடாதுன்னீங்க."

"பதினஞ்சாயிரம் குடுத்து வாங்குன பெட்டிங்க. உங்க கையையா நம்பச் சொல்றீங்க?"

தாளும் பேனாவும் மேசைமேல் தயாராக இருந்தன.

2. பூஜ்யத்திலிருந்து ஏழு வரை

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அந்தப் பயத்தில் சோதனை புரோகிராம் ஏற்றிய ஒரு இப்ராம் சிப் எப்போதும் பையில் கிடக்கும். பெட்டியில் இருந்த புரோகிராம் சிப்பைக் கழற்றிவிட்டு அதைச் செருகினேன்.

இரண்டு வின்ச் சென்சாருக்கும் ஒரே ஜோடி ஒயர்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வேண்டும். சிப்பின் மூன்று கால்களை கிரவுண்டிலோ ஐந்து வோல்ட்டிலோ கட்டினால் பூஜ்யம் முதல் ஏழு வரை ஓர் எண் அமையும். முதல் வின்ச்சுக்குப் பூஜ்யம், இரண்டாவதற்கு ஒன்று என்று வைத்திருந்தேன். சோதனை புரோகிராம் எட்டு எண்ணையும் வரிசையாகக் கூப்பிட்டு, பதில் வந்த எண்ணை மட்டும் காட்டும்.

பூஜ்யம் வந்தது. ஒன்று வந்தது.

"செரியாத்தானே இருக்குது? போடு கையெழுத்த" என்றார் முதலாளி.

பேனாவை எடுத்துவிட்டேன். பாய் என்னைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறிக் கெடக்குற தொட்டியில கேட்டா அப்படித்தான் சொல்லும். சூடு ஏத்திக் கேளு தம்பி."

மாரப்பன் ஸ்டீமைத் திறந்தார். அரை மணி நேரம் நின்றோம். பூஜ்யம் வந்துகொண்டே இருந்தது. ஒன்று வந்த இடத்தில் மூன்று வந்தது.

குழாயைக் கழற்றினேன். உள்ளே ஆவி புகுந்து ஈரம் கோத்திருந்தது. முகவரிக்கான மூன்று கால்களில் நடுக்காலைக் கிரவுண்டில் கட்டாமல் விட்டிருக்கிறேன். என் கடையில் சோதித்தபோது கட்டாமலே பூஜ்யமாக நின்றதால் கவனிக்கவில்லை. ஈரம் பட்டதும் பக்கத்துக் காலின் ஐந்து வோல்ட் இதற்கும் கசிந்து, ஒன்று என்ற எண் மூன்றாக மாறிவிட்டது.

மாரப்பன் எட்டிப் பார்த்தார். "இத்தனூண்டுப் பூச்சிக்கு எட்டுக் காலுங்களா! அதுல ஒண்ணு நொண்டியாட்ட இருக்குது."

3. யாரும் கண்டுபிடித்திருக்க முடியாதது

கால் விட்டுப்போனதைக் கைத்தவறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் முதலாளி கேட்டார்: "செரி, ஒண்ணாம் நம்பர் பேசல. அப்பறம் அம்பத்தெட்டுன்னு சொன்னது யாருப்பா?"

அந்தப் பதில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். சென்சார் பேசாவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று புரோகிராமில் நான்தான் எழுதியிருந்தேன். எரர் என்று வந்தால் பெட்டி வாங்கிய பார்ட்டி அதைத் திருப்பிக் கொடுத்துவிடுமோ என்ற பயம். அதனால் ஐம்பத்தெட்டிலேயே திரை நின்றது, வால்வு திறந்தே கிடந்தது, துணி வெந்தது.

இதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

முதலாளி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "உன்னோட பயத்துக்கு அந்த மனுசனத் தொரத்தப் பாத்தனேப்பா" என்றார். பிறகு பாயிடம், "நாளைக்கு வேலைக்கு வாங்க" என்றார். பிடித்த சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. அது நான் கொடுக்க வேண்டியது என்று எனக்கே தோன்றியது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு உண்டு. முகவரிக் கால் எதையும் காற்றில் விடாதீர்கள். சென்சார் பதில் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்றே திரையில் காட்டுங்கள். பார்ட்டி திட்டினால் திட்டட்டும்.

பாய்க்கு மாதம் நானூறாக இரண்டு தடவை கொடுத்தேன். மூன்றாம் மாதம் போனபோது அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போயிருந்தார். எந்த ஊர் என்று மாரப்பனுக்கும் தெரியவில்லை. பாக்கி நானூறு ரூபாய்.