முந்நூற்று அறுபது குதிரைக்கு ஒரு கையெழுத்து

ஹெலனுக்கு வயது நாற்பத்து மூன்று. அதில் பதினான்கு வருடத்தை மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனியில், இன்ஜின் சோதிக்கிற அறையில் கழித்தவள். இன்ஜினை மேடையில் ஏற்றி ஓடவிட்டு, எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்று பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு குதிரை குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். மேலதிகாரிகளுக்கே அவளைக் கண்டால் கொஞ்சம் உதறல்தான். கம்பெனியை மூடிய பிறகு அவள் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை.

இரண்டு வருடம் நாயாக அலைந்து, முட்டுக்காட்டில் ஒரு ரிசார்ட்டில் டிரைவர் வேலை வாங்கினாள். வாசலில் நிற்கும் பழைய அமெரிக்கக் காரில் கல்யாண ஜோடியை ஏற்றி, முந்நூறு அடி தள்ளி இருக்கும் மண்டபத்தில் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கார் 1968 மாடல். இரண்டே கதவு, கட்டில் நீளத்துக்குப் பானட். பக்கத்தில் ஒரு பலகை: 360 குதிரைத்திறன்.

முதல் நாளே பானட்டைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஏதோ பழைய வேனின் டீசல் இன்ஜின், பெரிய பங்களாவில் ஒண்டுக்குடித்தனம் வந்தவன் மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. அசல் இன்ஜின் குடிக்கிற பெட்ரோலுக்குப் பயந்து யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலை பிடித்திருந்தது. அதுவும் போய்விடுமோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தாள்.

போன ஆனி மாதம், சென்னையிலிருந்து ஹரிகிருஷ்ணன் என்பவர் காரை விலைக்குக் கேட்டார். பழைய கார் சேர்ப்பவர். சேர்ப்பாரே தவிர, பானட்டுக்குள் தலையை விட்டுப் பழக்கமில்லாதவர். அந்த வருடம் இந்தக் காருக்கு 315, 360 என்று இரண்டு இன்ஜின் உண்டு என்று மட்டும் படித்து வைத்திருந்தார். இது எது என்று விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால் சனிக்கிழமை வந்து முடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

மேனேஜர் காசிநாதன் ஹெலனைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, உன் பயோடேட்டாவுல இன்ஜின் டெஸ்டிங்னு கீதே. முந்நூத்தி அறுபதுன்னு ஒரு வரி எழுதி கையெழுத்து போடு."

"சார், உள்ள கீறது வேன் இன்ஜின்."

"அவரு இன்னா அடியில படுத்தா பாக்கப்போறாரு? எழுதுனா உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது. இல்லைன்னா நாளைலேர்ந்து வராத."

அரைமணி நேரம் தாளோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்:

'1968இல் இந்தக் காருக்கு இரண்டு இன்ஜின்: 315, 360. இரண்டுமே சைலன்ஸர் முதலானவற்றைக் கழற்றிவிட்டு அளந்தவை. 1972இல் எல்லாவற்றையும் மாட்டி அளக்கத் தொடங்கியதும் எண்கள் வெகுவாக இறங்கின. இந்தக் காரில் அவை இரண்டுமே இல்லை. இருப்பது டீசல் இன்ஜின். அதன் மேல் உள்ள தகட்டில் 45 குதிரைத்திறன் என்று உள்ளது. இங்கே சோதனை மேடை இல்லாததால் அளக்கவில்லை.'

கீழே கையெழுத்து, தேதி.

மேனேஜர் அதைப் படித்துப் பார்க்கவில்லை. அவள் எழுதினாள் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. சனிக்கிழமை ஹரிகிருஷ்ணன் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். பார்த்தார். ஹெலனுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தன் காரில் ஏறிப் போய்விட்டார். காசிநாதன் தாளை வாங்கிப் படித்துவிட்டு, கார் சாவிக்காகக் கையை நீட்டினார்.

இரண்டு பஸ் மாறி சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினாள். ஸ்டாண்டில் அவள் புருஷன் பூபாலன் ஷேர் ஆட்டோவோடு நின்றிருந்தான். பின்னால் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் இருவர் வந்தால்தான் வண்டி நகரும். ஹெலன் முன்சீட்டில் ஏறிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அவனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒரு நம்பரு! எழுதிக் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்? அது எவன் வண்டியோ!"

"வண்டி எவனுதா வேணா இருக்கட்டும். கையெழுத்து என்னுது."

பூபாலன் சமாதானத்துக்கு வேறு வழி தெரியாமல் கேட்டான்.

"நம்ம ஆட்டோ எத்தினி குதிரை?"

"எட்டு," என்றவள் உடனே திருத்தினாள். "எட்டுன்னு போட்டுக்கீது. நான் அளக்கல."

இனி எதையும் அளக்கப்போவதில்லை என்பது அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பின்னால் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூபாலன் மீதி இரண்டு பேருக்குக் காத்திருக்காமல் வண்டியைக் கிளப்பினான்.