குடும்பத் தலைவர் மதலேனாள்

மன்னார் கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போன சந்தியோகு திரும்பவே இல்லை. சண்டை முற்றியதும் அவர் மனைவி மதலேனாள் இரண்டு பிள்ளைகளோடு படகேறி, 1990 கடைசியில் அவிநாசிப் பக்கத்து அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தாள். அங்கிருந்து மண்ணரை பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போய்வந்தாள். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்துக் கொடுக்கவேண்டும். டெய்லர் என்றால் ஆண், கைமடி என்றால் பெண். கடவுளே பனியன் போட்டுக்கொண்டு வந்து வகுத்த ஏற்பாடு.

அப்போது ஒரு தொண்டு நிறுவனம் வறுமையை ஒழிக்க வந்தது. ஒழிக்கும் முறை இதுதான்: குடும்பத் தலைவருக்குப் பவர்டேபிள் என்னும் மோட்டார் மிசினில் தையல் பயிற்சி, கம்பெனியில் வேலை, தலைவரின் மனைவிக்கு ஊறுகாய் போடப் பயிற்சி. விதவைக்கு மட்டும் விலக்கு. அவளும் தைக்கலாம், இறப்புச் சான்றிதழ் இருந்தால்.

மதலேனாளுக்குத் தையல்தான் வேண்டும். கைமடிக் கூலியில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க முடியாது.

"செத்துட்டாருன்னு எழுதிக் குடு கண்ணு. யாரு போயிப் பாக்கப்போறாங்க?" என்றாள் பக்கத்து மிசின் கைமடி முத்தாத்தாள்.

"அவர் சாகேல்லை அக்கா. ஆளைக் காணேல்லை, அவ்வளவுதான்."

நிறுவன அதிகாரி ரத்தினசாமி நல்ல மனிதர். மனம் இளகியது, படிவம் இளகவில்லை.

"புருசன் இருந்தா அவரக் கூட்டிட்டு வாங்க, மிசின் அவருக்குத்தான். இல்லீன்னா சர்டிபிகேட் கொண்டாங்க. ரெண்டுங்கெட்டானா இருந்தா நான் என்னங்க பண்ணட்டும்?"

மதலேனாள் முகாம் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். படகிறங்கிய வரிசையில் முன்னால் நின்றவர் பெயரை எவரோ ஒரு குமாஸ்தா அவசரத்தில் எழுதியிருந்தார்: குடும்பத் தலைவர், மதலேனாள். பக்கத்தில் அரசாங்க முத்திரை.

"தலைவருக்குத்தானே, சேர், மிசின்? நான்தான் தலைவர்."

முத்திரையை எதிர்த்துப் பேசும் தைரியம் ரத்தினசாமிக்குக் கிடையாது. பதினெட்டு ஆண்களுக்கு நடுவில் அவளுக்கும் ஓர் இடம் கிடைத்தது. துணி எப்படித் திரும்பும் என்று கைமடிக்குத் தெரியாததா? மூன்றாம் வாரமே தலைவர்கள் அவளிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் அதே மண்ணரை கம்பெனியில் டெய்லராக உட்கார்ந்தாள். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

அந்த வாரமே முத்தாத்தாள் ரேஷன் கார்டோடு ரத்தினசாமி முன்னால் நின்றாள். கார்டில் தலைவர், அவள் கணவர் ஆத்தப்பன். அவரும் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங் சார், நான் மிசின்ல உக்காரோணும்னா என்ற ஊட்டுக்காரரும் காணாமப் போகோணுங்களா?"

ரத்தினசாமி ஆத்தப்பனைப் பார்த்தார்.

"நான் வேணா ஊறுகா போடப் போறனுங்க" என்றார் ஆத்தப்பன்.

ரத்தினசாமி படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற வரியை அடித்துவிட்டு, மேலே 'தைக்க விரும்புகிறவர்' என்று எழுதி, முத்தாத்தாளிடம் பேனாவை நீட்டினார்.