நாலாவது ஆள்

நல்லகாமன் என்ற பெரியவரை நான் முதலில் பார்த்தது 2005-இல், என் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. காமராசர் சாலைப் பக்கம் ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், அப்புறம் என் வாய். இதில் எது சீக்கிரம் சூடாகும் என்று கேட்டால் என் வாடிக்கையாளர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.

கதவில் எங்கள் பழைய குடும்பப் படத்தை, ஸ்கேன் செய்து பிரிண்ட் போட்டு, கடை விளம்பரத்துக்காக ஒட்டியிருந்தேன். அப்பா துளசிராமும் அம்மா சீதாலட்சுமியும் நாற்காலிகளில். அம்மாவை ஒட்டி நின்ற நாலு வயது ஹம்சவேணி நான். பெரியவர் கால்மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டு வழியை மறித்து நின்றார்.

"என்ன வேணும் பெரியவரே? ஜெராக்ஸா, இல்ல சும்மா வேடிக்கையா?"

"ஜெராக்ஸுதான் தாயி" என்று பென்ஷன் காகிதங்களை நீட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "துளசிராம் அண்ணன் மகதானே நீயி? இந்தப் படத்துல இன்னொரு பய நிக்கணுமே. அவன எங்க?"

அவனைப் படத்திலிருந்து வெட்டி எடுத்தவள் நான்தான்.

மூன்று பேராகப் போட்டோ எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்பார்கள். 1971-இல் எனக்குக் காது குத்தியதும் அப்பா எங்களை ஸ்டுடியோவுக்குக் கிளப்பினார். வாசல் தாண்டிய பிறகுதான் நாங்கள் மூன்றே பேர் என்பது அம்மாவுக்கு உறைத்தது. எங்கள் வளவில் எட்டுக் குடித்தனம் இருந்தது. அடுத்த வீட்டில் இருந்த பஞ்சு மில் தொழிலாளியின் மகனை அப்பா ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அவன் பெயர் முத்திருளன், வயது ஐந்து. படத்தின் ஓரத்தில், என் தோளில் கைபோட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த மில் தொழிலாளிதான் இந்த நல்லகாமன்.

வெளியூர்களில் குடியேறிவிட்ட எங்கள் சௌராஷ்டிர சனம் யாஹூவில் ஒரு குரூப் வைத்திருந்தது. ஆளுக்கொரு பழைய படத்தைப் போட்டு, அதிலிருக்கும் ஒவ்வொரு தலைக்கும் உறவு சொல்லி மாய்ந்துபோவோம். எங்கள் படத்தை நான் போட்ட அன்றே பம்பாயிலிருந்து ஸ்ரீனிவாஸ் கேட்டான், "அந்தக் கறுத்த பையன் யாரு? நம்மாள் மாதிரி தெரியலையே." நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. குரூப்பிலிருந்து படத்தை எடுத்துவிட்டு, அவனை வெட்டி, பழைய படத்தின்மேல் அதே பெயரிலேயே சேமித்து, மறுபடி ஏற்றினேன். பூஞ்சை பிடித்த அசல் அட்டையை, அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று அந்த வாரமே குப்பையில் போட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"எதுக்கு ஐயா கேக்குறீங்க?" என்றேன்.

"மறுவருசமே மூளைக்காய்ச்சல்ல போயிட்டான் தாயி. அவன எடுத்த படம் அது ஒண்ணுதான். உங்க குடும்பப் படத்த எப்படிப் போயிக் கேக்குறதுன்னு இருந்துட்டேன். இப்ப எம் பொஞ்சாதிக்கு அவன் மூஞ்சி நெனப்புல வரமாட்டேங்குது. மூக்கு எப்படி இருக்கும், கண்ணு எப்படி இருக்கும்னு என்னயப் போட்டுக் கேக்குறா. எனக்கும் மறந்துபோச்சு. அத அவகிட்ட சொல்லல. தெனம் ஒரு மூஞ்சி சொல்லிக்கிட்டு இருக்கேன்."

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரையே வாங்குகிற வாய், அன்றைக்கு வரவில்லை. "உள்ள எங்கயோ இருக்கும், தேடித் தாரேன்" என்றேன்.

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் பரவையிலிருந்து பஸ் ஏறி வந்தார். பிள்ளை போனதும் அந்த வளவில் இருக்க முடியாமல் பரவைக்குக் குடிபோனவர்கள் அவர்கள். மனைவி சீனியம்மாள் அங்கே மார்க்கெட்டில் காய்கறி விற்றாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. மில்லில் முப்பது வருசம் பஞ்சுத் தூசி தின்றதில் நாலு வார்த்தைக்கு ஒருமுறை இருமுவார். மில் அட்டைக்கும் ரேஷன் கார்டுக்கும் தவிர அவர் போட்டோவுக்கு நின்றதே இல்லை. வரும்போதெல்லாம் ஒரு பை கத்திரிக்காயோ வெண்டைக்காயோ கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அந்தக் காயைச் சமைத்துத் தின்றேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நானும் தேடாமல் இல்லை. நடந்ததைச் சொல்லி, முதல் படத்தை யாராவது சேமித்து வைத்திருக்கிறீர்களா என்று குரூப்பில் எழுதினேன். நாற்பது பேர் பதில் போட்டார்கள்; ஒருவரிடமும் இல்லை. ஸ்ரீனிவாஸ் போன் செய்து, "அக்கா, நான் வெளையாட்டுக்குத்தான் கேட்டேன்" என்று அழுதான். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது.

ஐந்தாவது வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எதுக்குத்தா வெட்டுன?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லக்கூடிய காரணமா அது?

எழுந்து கதவருகே போனார். படத்தில் என் தோளைத் தொட்டுக் காட்டினார். அங்கே நாலு விரல்கள் மிச்சம் இருந்தன. என் தோளை வெட்டாமல் அவற்றை வெட்ட முடியாது என்பதால் விட்டிருந்தேன்.

"இந்தக் கையவாச்சும் குடு தாயி."

அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, பிரிண்ட் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மறுநாள் நானே பரவைக்குக் கொண்டுபோனேன். சீனியம்மாள் வாங்கிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தாலும் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருப்பது தெரிந்தது.

"கதவு இடுக்குல நசுங்குன வெரலு" என்றாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "மூணு பேரா எடுத்தா ஆகாதுன்னுதானே எம் புள்ளயக் கூட்டிட்டுப் போனாக. அப்ப உங்க மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகல."

அவள் சொன்னதில் பிழை இல்லை என்றுதான் எனக்கும் பட்டது.

நல்லகாமன் சுவரில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். குங்குமக் கிண்ணத்தை எடுத்துவந்தவர் பாதியில் நின்றார். "இதுல பாப்பா தோளும்ல இருக்கு. உசுரோட இருக்கவுக படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாதே."

சீனியம்மாளும் கிண்ணத்துக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனாலும் ஆகட்டும். வைங்கம்மா" என்றேன்.

அவள் மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டுப் படத்தின் அருகே போனாள். பொட்டு வைக்க அதில் நெற்றி இல்லை. அவள் விரல் கண்ணாடிமேல் மேலும் கீழும் தேடியது. கடைசியில் அந்த வளைந்த சுண்டுவிரலின்மேல் வைத்துவிட்டு, அப்போதுதான் அழுதாள்.