நேர்முகத் தேர்வுக்கு அத்தையின் சுங்குடி

நீலப் பருத்திப் புடவையைத்தான் கட்டுவது என்று பத்து நாளைக்கு முன்பே முடிவு செய்திருந்தேன். வெளிர் நீலம், ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கரை. கல்யாணத்துக்கு முன்னால் பெரம்பலூரில் அப்பா வாங்கிக் கொடுத்தது. கஞ்சி போட்டு மடிப்பு வைத்துக் கட்டினால் காலேஜுக்குப் போகிற பெண் மாதிரி இருப்பேன் என்று நினைத்தேன்.

அப்படித் தெரிய வேண்டிய அவசியம் இருந்தது. திருச்சியில் பார்மசி டிப்ளமா நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. மகளுக்கு எட்டு மாதம். அரியலூரில் எங்கள் தெருவில், டீச்சர் டிரெயினிங்குக்கு முயன்று பார்த்த ஒரு அக்கா இருந்தாள். "கைக்குழந்தை இருக்குன்னு தெரிஞ்சா சீட்டு தரமாட்டாங்க. பாதியில நின்னுடுவேன்னு நெனப்பாங்க" என்று சொல்லியிருந்தாள். அது உண்மைதானா என்று வேறு யாரிடமும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்து, உண்மை என்று சொல்லிவிட்டால்?

தாய்ப்பால் குடிக்கிற குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. மாமியார் கூட வந்து வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. "காலேஜ் கேட்டுக்குப் பக்கத்துலயே ஒக்காந்துக்கங்க அத்தே, உள்ள வரவேணாம்" என்று இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"சரி. நீ யாரோ, நான் யாரோ. இது ரோட்டுல கெடந்த புள்ள. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படி இல்லத்தே…"

"வெளங்குது, வெளங்குது. போய்ப் படி."

படித்ததால்தான் கெட்டது. தேர்வுக்கு முதல் நாள் மதியம் புடவையைக் கஞ்சியில் முக்கிக் கொடியில் போட்டுவிட்டு, உள்ளே மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், காற்று சிமெண்ட் ஆலைப் பக்கமிருந்து திரும்பினால் ஓடிப்போய்க் கொடியில் இருப்பதை உருவிவிட வேண்டும் என்று. ஈரத் துணி என்றால் கேட்கவே வேண்டாம். எனக்குக் காற்றும் தெரியவில்லை, நேரமும் தெரியவில்லை. போய்ப் பார்த்தபோது புடவை முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. உதறினேன். கஞ்சியோடு சேர்ந்து இறுகியது போக மறுத்தது.

ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்தார். "நாள் பூரா மூட்டைக்கு நடுவுல நிக்கறேன், என் சட்டையில இவ்வளவு இல்ல. மேல தண்ணி கிண்ணி தெளிச்சுடாத, சுவரா நின்னுடும்." சிரித்தவர், நான் அழுததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெல்ல வெளியே போய்விட்டார்.

மிச்சம் இருந்தவற்றைப் பாயில் பரப்பினேன். கல்யாணப் பட்டு. அதைக் கட்டிக்கொண்டு போனால் இவ்வளவு வசதி உள்ளவளுக்கு எதற்குப் படிப்பு என்று நினைப்பார்கள். பெரிய பூப்போட்ட நைலக்ஸ் புடவை. அது தோளில் நிற்காது. பதில் சொல்வேனா, முந்தானையைப் பிடிப்பேனா? மற்றதெல்லாம் குழந்தை வாய் வைத்துச் சாயம் போனவை. பட்டை எடுத்தேன், வைத்தேன். நைலக்ஸை எடுத்தேன், வைத்தேன்.

அத்தை தன் பெட்டியைத் திறந்து பச்சைச் சுங்குடியை எடுத்து என் மடியில் போட்டார். வெளியே கட்டிப் போக அவருக்கு இருந்த ஒரே நல்ல நூல் புடவை.

"இதக் கட்டு."

"இதுல எனக்கு வயசு கூடத் தெரியும் அத்தே."

"தெரியட்டுமே. மருந்து குடுக்கறவ கொஞ்சம் பெரியவளாத் தெரிஞ்சாத்தான் வாங்கறவனுக்குப் பயமில்ல."

"அப்ப நீங்க எதக் கட்டுவீங்க?"

மறுநாள் காலை பாசஞ்சரில் அதற்குப் பதில் தெரிந்தது. மகன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டில், மடியில் பேத்தியோடு, ஜன்னலோரம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். மெட்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். கழற்றவில்லை.

சொன்னபடி அவர் கேட்டருகேதான் உட்கார்ந்தார். ஆனால் பட்டைப் பார்த்த பியூன், யாரோ பெரிய வீட்டு அம்மா என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "வெயில்ல ஏம்மா ஒக்காந்திருக்கீங்க?" என்று அழைத்து வந்து, நேர்முகத் தேர்வு நடக்கிற அறை வாசலிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் இருந்தார்கள். ஒரு சார், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். இரண்டு மருந்தைப் படித்தேன். மூன்றாவதில் எழுத்தே இல்லை, வெறும் கோடு.

"இது தெரியல சார்."

"சும்மா ஊகிச்சுச் சொல்லுங்க."

"மருந்தாச்சே சார். வேணாம்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். நல்லதாகவா கெட்டதாகவா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாசலில் மகள் என் குரலைக் கேட்டுவிட்டாள். இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு வீறிட்டாள். நடுவில் இருந்த மேடம் அவளைப் பார்த்தார், பிறகு என்னை.

"யாரோட குழந்தை?"

அந்த அக்கா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. மேடத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தேன். "என்னோடதுதான் மேடம்" என்றேன்.

"ரெண்டு வருஷப் படிப்பு. நடுவுல ஆஸ்பத்திரியில பயிற்சி வேற இருக்கு. எப்படி வருவீங்க?"

"தெனம் காலையில பாசஞ்சர்ல வந்துடுவேன். குழந்தைய எங்க அத்தை பாத்துப்பாங்க."

"ஒத்துக்கிட்டாங்களா?"

அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு ஒரு நாளைக்கு வாருங்கள் என்று கேட்டேனே தவிர, இரண்டு வருஷத்துக்கு அவரை நான் கேட்கவே இல்லை. கேட்காமலே எல்லாவற்றையும் அவர் தலையில் வைத்திருந்தேன்.

"பாத்துக்கறேன், பாத்துக்கறேன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "நீ மத்ததுக்குப் பதில் சொல்லு புள்ள."

மேடம் குனிந்து காகிதத்தைப் புரட்டினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

வெளியே வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க அத்தே" என்றேன்.

"அது கெடக்கட்டும். யாரு குழந்தைன்னு கேட்டதும் ஏன் அவ்வளவு நேரம் முழிச்ச? அத்தையோடதுன்னு சொல்லிடலாம்னு பாத்தியா? இந்த வயசுல என் மானம் என்ன ஆகும்?"

பக்கத்தில் தேர்வுக்குக் காத்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துச் சீட்டு கிடைத்ததற்கான கடிதம் வந்தது. முதல் நாள் வகுப்புக்குக் கிளம்பியபோது மகள் அத்தையின் இடுப்பில் இருந்தபடி எனக்குக் கையாட்டினாள். கொஞ்சம்கூட அழவில்லை. அழவில்லையே என்று திருச்சி வரைக்கும் நான்தான் அழுதுகொண்டு போனேன்.