இருட்டு அலமாரியில் ஆறு செடிகள்

பலேர்மோவின் கபோ சந்தையில் சிவப்பு வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கான வெங்காயம். பெரிதாக இருக்க வேண்டும், முளை விட்டிருக்கக் கூடாது, உள்தோல் உரித்தால் கிழியாமல் முழுசாக வர வேண்டும். இதெல்லாம் பத்மா அக்காவின் சட்டம். அவர் ஆஸ்பத்திரியில் படுத்து நாலு நாள் ஆகியிருந்தது. கட்டிலில் கிடந்தபடியே என்னை வெங்காயத்துக்கு அனுப்பியிருந்தார். கைபேசி அடித்தது. அவருடைய மகள். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். "வெங்காயம் வாங்கிட்டன் எண்டு அம்மாட்டைச் சொல்லு பிள்ளை" என்றேன். என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. வெங்காயக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தாருங்கள் என்று மகள் கேட்டாள். நாலு வரியில் அடங்குகிற மனுசியா பத்மா அக்கா? பலேர்மோவில் அவரைத் தெரியாத தமிழர் குறைவு. தெரிந்தவர்களில் அவரிடம் ஒருமுறையாவது ஏச்சு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. கோயிலில் பிரசாத வரிசை குழம்பினால் முதலில் கேட்கிற குரல் அவருடையது. "ஓம், ஓம்" என்று நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒரேத்தோப் பகுதியில் நாங்கள் வேலை செய்த பள்ளிக்கூடத்துக்குள் அவர் யார் என்று உங்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. எனக்குமே முழுக்கத் தெரிந்தது அவருடைய செத்தவீட்டில்தான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். யாராவது ரீச்சர் என்று கூப்பிட்டால் உடனே திருத்துவார். "படிப்பிக்கிறது அவையின்ரை வேலை. பரிசோதனை பிழைக்காமல் பாக்கிறது என்ரை வேலை." இங்கே வந்த பிறகு எங்களைப் போலத்தான், வாளியும் துடைப்பமும். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சர், லேசில் ஒருவரையும் நம்பாத சிசிலிக்காரி, ஆய்வுகூடப் பூட்டின் திறப்பை அக்காவிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். நான் சேர்ந்தபோது அக்கா அங்கே பத்து வருசம் பழசு.

நான் போன முதல் கிழமையே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. நுணுக்குக்காட்டி ஒன்றின் கண்ணாடியை என் மேற்சட்டை நுனியால் துடைத்துவிட்டேன். பாராட்டுவார் என்று பார்த்தால் கையைத் தட்டிவிட்டார். "வன்னியிலை நீங்கள் கண்ணை மண்ணாலையோ கழுவுறனீங்கள்?" எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "யாழ்ப்பாணத்திலை மனுசரோடை இப்பிடியோ கதைக்கிறனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டேன்.  அவர் மெல்லிய தாள் ஒன்றை எடுத்து, கண்ணாடியில் வாயால் ஊதி, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்துக் காட்டினார். "இப்ப குனிஞ்சு பார், வெங்காயத்தின்ரை உயிர்க்கலம் தெரியும்." பார்த்தேன். கறுப்புக் கோடுகள் தெரிந்தன. "கலம் கறுப்பாக் கிடக்கு அக்கா." "அது உன்ரை கண்மயிர்" என்றார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான் முதல். கண்ணைச் சரியாக வைத்த பிறகு அயடீன் தொட்ட வெங்காயத் தோலின் கலங்கள் தெரிந்தன, கல் அடுக்கிக் கட்டின மதில் மாதிரி, ஒவ்வொரு கல்லுக்குள்ளும் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுத்தான் கரு என்றார்.

அந்தச் சமாதானம் ஒரு மாதம்தான். யன்னலோரம் ஒரு போத்தலில் வைக்கோல் ஊறி நாறிக்கொண்டிருந்தது. நான் அதைத் தொட்டியில் ஊற்றி, போத்தலையும் மினுக்கி வைத்தேன். அது இரண்டு கிழமையாக நுண்ணுயிர் வளர்த்த தண்ணீராம். அடுத்த நாள் பிள்ளைகள் நுணுக்குக்காட்டியில் பார்க்க இருந்ததாம். விஞ்ஞான ரீச்சர் எங்கள் துப்புரவு நிறுவனத்துக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, என் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை, இன்னொரு முறைப்பாடு வந்தால் ஒப்பந்தம் நீடிக்காது என்று விரலை நீட்டிச் சொன்னார்.

ஒப்பந்தம் என்றால் வெறும் வேலை இல்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் பாரம் ஏற்றினார். வேலை இருந்தது, காகிதம் இல்லை. அவர், நான், மகன், மூன்று பேரும் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெசோ என் ஒருத்தியின் ஒப்பந்தத்தில் தொங்கியது. அதைப் புதுப்பிக்க குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்துத் தந்திருந்தார்கள். நீடித்த ஒப்பந்தக் கடிதத்தோடு போக வேண்டும். 

அந்த வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை. சனியில் அக்கா வரமாட்டார், அவருக்கு ஒரு வயதான சின்னோராவைப் பார்க்கிற வேலை. ஆய்வுகூடத்தைத் துடைத்துக்கொண்டு போன நான் மூலையில் நின்ற பெரிய அலமாரியைத் திறந்தேன். உள்ளே ஆறு ஜெரேனியம் தொட்டி. ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையில் கறுப்புத் தாள் மடித்துக் கவ்வி போட்டிருந்தது. பெடியளின் சேட்டை என்றுதான் நினைத்தேன்.  கடைசி யுத்தத்தில் பங்கருக்குள் கிடந்த நாட்களைப் பற்றி நான் ஒருவரோடும் கதைக்கிறதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. மூடின இருட்டுக்குள் உயிருள்ள ஒன்று கிடப்பதை என்னால் பார்க்க ஏலாது, அவ்வளவுதான். ஆறு தொட்டியையும் தூக்கி யன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தேன். கறுப்புத் தாள்களைக் கழற்றினேன். தண்ணீர் விட்டேன். பெரிய புண்ணியம் செய்தவள் மாதிரி வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது அக்கா யன்னலுக்கு முன்னால் அசையாமல் நின்றார்.

"ஆர் இதை வெளியிலை எடுத்தது?"

"நான்தான் அக்கா. சனிக்கிழமை. ஆரோ பெடியள் இருட்டுக்குள்ளை அடைச்சு வைச்சிருந்தவங்கள்."

"நான் அடைச்சு வைச்சனான்" என்றார்.

கதிரையில் இருந்து மெல்ல விளங்கப்படுத்தினார். ஒளித்தொகுப்புப் பரிசோதனை. இலை வெளிச்சத்தில் மாப்பொருள் செய்து சேர்த்து வைக்கும். இரண்டு நாள் இருட்டில் கிடந்தால் சேர்த்ததெல்லாம் தீர்ந்துவிடும். பிறகு வெயிலில் வைத்தால் திறந்த இடம் மட்டும் மறுபடி மாப்பொருள் செய்யும். கறுப்புத் தாள் மூடின இடத்தில் இராது. அயடீன் விட்டால் ஓரிடம் கருநீலமாகும், மற்ற இடம் ஆகாது. வெளிச்சம் இல்லாமல் இலை சமைக்காது என்பதற்கு அதுதான் சாட்சி. அதைப் பதினொரு மணிக்கு விஞ்ஞான ரீச்சர் வகுப்பில் செய்து காட்ட இருந்தார், அதிபர் வந்து பார்க்கிற வகுப்பு.

நான் கழற்றின கறுப்புத் தாள்களைத் தேடி எடுத்தேன். "இப்ப திரும்ப மூடி வைச்சால்?"

"ரெண்டு நாள் வெயில் குடிச்ச இலை. எங்கை அயடீன் விட்டாலும் கறுக்கும்."

"அப்ப ஒரு பக்கத்திலை மட்டும் அயடீனை விடுவம். ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றார். "பிள்ளையளுக்குப் பொய் காட்டுறதுக்கோ இந்தத் திறப்பை வைச்சிருக்கிறன்?"

காலில் விழாத குறை. நீங்கள் செய்ததென்று சொல்லுங்கோ அக்கா, பத்து வருசம் இருக்கிற உங்களை ஒண்டும் செய்யமாட்டினம், எனக்கு வியாழக்கிழமை குவெஸ்தூரா என்று அழுதேன். அவர் கண் கலங்கவில்லை. "மாட்டன். எட்டு மணிக்கு ரீச்சர் வருவா. அவவாக் கண்டுபிடிச்சால் அது களவு. நீயாப் போய்ச் சொன்னால் அது பிழை. ரெண்டும் ஒண்டில்லை."

அப்போது நான் கத்தினேன். "இருட்டுக்குள்ளை கிடக்கிறது என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ? நாங்கள் கிடந்தனாங்கள்! உங்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ?"  அவர் ஒரு தொட்டியை எடுத்து என் கையில் தந்து, "வெறுங்கையோடை போகாதை" என்று மட்டும் சொன்னார்.

தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன். ரீச்சர் வந்தார். எனக்குத் தெரிந்த இத்தாலியன் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. நான், சனிக்கிழமை, செடி, சூரியன் என்று நாலு சொல்லைத்தான் சொல்ல முடிந்தது. அவருக்கு அது போதும், முகம் சிவந்தது. "மறுபடியும் நீயா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். அக்கா நடைபாதைக் கடைசியில் நின்றார், ஒரு அடி கிட்ட வரவில்லை. அந்த நேரம் எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "அப்படியானால் பதினொரு மணிக்கு நான் எதைக் காட்டுவது?" என்று ரீச்சர் கேட்ட பிறகுதான் வந்தார். அதிபரின் அறை யன்னலில் வெள்ளைக் கரை போட்ட இலையுள்ள கொடி ஒன்று இருக்கிறது, அதற்கு இருட்டே தேவையில்லை, பச்சை உள்ள இடம் மட்டும் கருநீலமாகும், பாடத்தை அப்படி மாற்றலாம் என்றார். ரீச்சர் என் கையிலிருந்த தொட்டியை வாங்கிக்கொண்டு அவரோடு போய்விட்டார். 

பதினொரு மணிக்கு நான் துடைப்பத்தோடு வகுப்பு வாசலில் நின்றேன். போக மனம் வரவில்லை. கொடியின் இலையை அவித்து, சுடுதண்ணீரில் வைத்த அற்ககோலில் பச்சையைக் கழற்றி, அயடீன் விட்டார் ரீச்சர். பச்சை இருந்த இடமெல்லாம் கருநீலமாக வந்தது, கரை வெறுமையாகக் கிடந்தது. அதிபர் தலையாட்டினார். அதோடு முடிந்தது என்று மூச்சு விட்டேன். ரீச்சர் என் ஜெரேனியத்தை மேசையில் வைத்தார். "இதை வெள்ளிக்கிழமை இருட்டில் வைத்தோம்" என்று சொல்லி அதன் இலைக்கும் அப்படியே செய்தார். இலை முழுவதும் கறுத்தது. "என்ன நடந்திருக்கும்?" "யாரோ அலமாரியைத் திறந்திருக்கிறார்கள்!" என்று கடைசி வாங்கில் இருந்த பெட்டை கத்தினாள். "யார்?" என்று இன்னொருத்தி கேட்டாள். எல்லாத் தலையும் என்னிடம் திரும்பியது போல எனக்குப் பட்டது. "அது இன்றைய பாடம் இல்லை" என்றார் ரீச்சர். துடைப்பம் சொட்டி என் சப்பாத்தெல்லாம் தண்ணீர்.

செவ்வாய் முழுக்க முறைப்பாடு வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் மத்தியானம் மேற்பார்வையாளர் கைபேசியில் எடுத்தார். கடிதம் ஆயத்தம், வந்து வாங்கு என்றார். பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதேன். வியாழன் குவெஸ்தூராவுக்குத் தலை நிமிர்ந்து போனேன். நானே துணிந்து உண்மையைச் சொன்னேன், அதனால் தப்பினேன் என்று எனக்குள் ஒரு பெருமிதம். அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை. கேட்டபோது உதவாதவருக்கு என்ன நன்றி?

அடுத்த முறை செடிகள் உள்ளே போன வெள்ளிக்கிழமை, அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தமிழில், கொட்டை எழுத்தில்: "திறக்காதே. உள்ளே செடி. இருட்டில் கிடந்தாலும் சாகாது. திங்கள் காலை எடுப்பம்." அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது இரண்டு பேருக்கு. ஒருவர் எழுதினவர். மிச்சம் யார்? கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் கத்தினதையே எடுத்து நக்கலடிக்கிறார் என்று இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தோம், தேத்தண்ணி குடித்தோம், வெங்காயத்துக்குச் சண்டை பிடித்தோம், என் மகனின் பிறந்தநாளுக்கு அவர்தான் கேக் கொண்டுவந்தார். ஆனால் ஒன்பது வருசம், ஒவ்வொரு தரமும், அந்தத் தாளைக் காணும்போது பழைய புண் சுரண்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

செத்தவீட்டுக்கு விஞ்ஞான ரீச்சர் வந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தத் திங்கள் பின்னேரம் பத்மா என்னிடம் வந்தாள். முறைப்பாடு எழுதுவதானால் என் பெயரில் எழுதுங்கள் என்றாள். கதவில் குறிப்பு ஒட்டாமல் விட்டது நான், அவளுக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் ஒட்டியிருக்க வேண்டும், பிழை என்னுடையது என்றாள். காலையில் ஒருத்தி, பின்னேரம் மற்றவள், இரண்டு பேரும் என் பிழை, என் பிழை என்கிறீர்கள். நான் யாருக்கு எதிராக எழுதுவது? பேனையை மூடிவிட்டேன்." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்ல விடவில்லை. தானே சொல்லித் தப்பினேன் என்று அவள் நிமிர்ந்து நடக்கிறாள், அதைக் கெடுக்காதீர்கள் என்றாள்."

ஐயோ, என்ரை பாவி மனமே. ஏச்சென்று நான் ஒன்பது வருசம் வாசித்தது அவருடைய மன்னிப்பு. "சாகாது" என்ற சொல், நான் கத்தினதைக் கேட்ட ஒருவர் எனக்குச் சொன்ன ஆறுதல். ஒருநாளாவது "இதென்ன அக்கா?" என்று கேட்டிருக்கலாம். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு ஏச அவர் எழும்பவில்லை.

ஆய்வுகூடத் திறப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. அக்காவின் இடத்துக்கு ருக்சானா என்று ஒரு வங்காளதேசப் பெண் வந்திருக்கிறாள். தகுதிகாண் காலம், இத்தாலியன் அரைகுறை, எதைக் கண்டாலும் துடைக்கிற கை. போன வெள்ளிக்கிழமை ஆறு ஜெரேனியம் அலமாரிக்குள் போக வேண்டியிருந்தது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். எனக்குக் கபோ வரை போனால் போதுமாயிருந்தது. அங்கே மரக்கறிக் கடை வைத்திருக்கிற வங்காளி அண்ணையிடம் தாளையும் பேனையையும் நீட்டினேன். திறக்காதே, உள்ளே செடி, திங்கள் எடுப்போம் என்று எழுதி, வாசித்துச் சொல்லிவிட்டுத் தந்தார். "சாகாது எண்டதை எழுதேல்லையே?" என்று இத்தாலியனில் கேட்டேன். "திறக்காதே என்றால் போதாதா?" என்றார். "போதாது" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினார்.

அலமாரிக் கதவில் ஒட்டிய அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்க வேண்டியவளுக்குத் தெரியும். திங்கள் காலை ஏழு மணிக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். ஆறு செடியும் உள்ளேதான் இருந்தன, அக்கா.