சார்ஜரோடு சேர்த்து என்ன எடை?

ஹிசாயோ அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கள் மேலாளர் தட்சுகாவாவைத் திட்டாமல் இருக்க முடியவில்லை. முடிந்தவரை வாயை அடக்கிக்கொள்கிறேன்.

ஒசாகாவின் தென்கோடியில், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நிலையம் எங்களுடையது. நாங்கள் ஐந்து நர்ஸ்கள், ஐந்து சைக்கிள்கள். எங்களில் மூத்தவர் ஹிசாயோ அக்கா, வயது ஐம்பத்தேழு. அவர் பார்ப்பதெல்லாம் பழைய அரசுக் குடியிருப்புகள்: ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. படுத்த படுக்கையானவர்கள் எப்படித்தான் மேல்மாடியாகப் பார்த்துக் குடியிருக்கிறார்களோ தெரியவில்லை!

தோள்பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கட்டுத்துணி, மருந்து. போதாததற்கு ஆபீஸ் லேப்டாப். இரண்டு கிலோ முந்நூறு கிராம். பேட்டரி செத்துப்போன கிழம் என்பதால் சார்ஜரையும் சுமக்க வேண்டும். நோயாளியின் வீட்டிலேயே எல்லாவற்றையும் பதிந்தாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. உத்தரவு போட்டவர்களுக்கென்ன, நாற்காலி சுமக்கிறது.

போன இலையுதிர் காலத்தில் அக்காவின் வலது கை மேலே எழவில்லை. எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். இந்தச் சுமை இன்னும் ஒரு வருடம் தொடர்ந்தால் தோள் அவ்வளவுதான், வேலையை மறந்துவிடுங்கள் என்றார். படுத்திருப்பவரைப் புரட்டிப் போட முடியாத நர்ஸை யார் வைத்துக்கொள்வார்கள்? அக்கா நேராக தட்சுகாவாவிடம் போய் மருத்துவரின் சீட்டை மேஜைமேல் வைத்தார். வருடக் கடைசியில் பட்ஜெட்டில் மிச்சம் இருந்தது. நர்ஸ்களுக்கு ஐந்து லேப்டாப், ஒன்று ஒரு லட்சம் யென்னுக்குள், எது வேண்டுமென்று நீங்களே பார்த்து எழுதிக் கொடுங்கள் என்றார் அந்த மகராசன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அக்கா நிப்பொன்பாஷி கம்ப்யூட்டர் கடைவீதியில் அலைந்தார். கையில் சமையலறைத் தராசு. ஒருநாள் நானும் போனேன். ஒரு கடைக்காரர் அந்தத் தராசைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னம்மா, மீன் வாங்க வந்தீங்களா?”

“மீன்காரன் முள்ளோடதான் எடை போடறான். நீங்கதான் சார்ஜரக் கழிச்சிட்டு எழுதி வச்சு ஊர ஏமாத்தறீங்க.”

அக்காவுக்கு வேண்டியதும் ஒன்றிரண்டு அல்ல. நோயாளிகள் வீட்டில் வைஃபை இருக்காது, ஆகவே சிம் போடும் வசதி வேண்டும். படுக்கைப் புண்ணைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பத் தெளிவான கேமரா வேண்டும். எட்டு மணி நேரம் சார்ஜ் நிற்க வேண்டும். சைக்கிள் கூடையிலிருந்து விழுந்தாலும் பிழைக்க வேண்டும். லேசாக இருப்பதெல்லாம் இரண்டு லட்சம், மலிவானதெல்லாம் அம்மிக்கல். மலிவும் லேசுமாக ஒன்று கிடைத்தால் அதில் வயர் செருக ஒரே ஒரு துளைதான். மற்றதற்கெல்லாம் தனித்தனியாக இணைப்புக் கருவி வாங்க வேண்டும். கடைசியில் ஒரு மூலைக்கடையில் போன வருட மாடல் ஒன்று அகப்பட்டது. எல்லாம் இருந்தது. சார்ஜரோடு தொள்ளாயிரத்து எண்பது கிராம். ஐந்து எடுக்கிறோமென்று பேரம் பேசித் தொண்ணூற்றெட்டாயிரத்தைத் தொண்ணூற்று மூன்றாயிரமாக்கினார் அக்கா.

பதினோரு மாடல்களுக்கு, நல்லதற்கு வட்டம், சுமாருக்கு முக்கோணம், ஆகாததற்குப் பெருக்கல் குறி போட்டு அட்டவணை தயாரித்துக் கொடுத்தார். காகிதம் மேஜை மேஜையாக ஊர்ந்தது. ஒப்புதலுக்கு ஐந்து முத்திரைகள் வேண்டும்: கணக்கர், துணை மேலாளர், மேலாளர், வட்டாரத் தலைவர், அவருடைய செயலாளர். ஏப்ரலில் ஐந்து லேப்டாப்களும் வந்து இறங்கின. யாருக்குப் போயின தெரியுமா? முத்திரை குத்திய அந்த ஐந்து பேருக்கு! அவர்கள் கழித்துப் போட்ட பழசுகள் எங்களுக்கு. அவையும் அதே இரண்டு கிலோ முந்நூறுதான். வயிறெரிகிறது, இப்போதும்.

அக்கா கத்தவில்லை. தட்சுகாவாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

“ஐயா, இதத் தூக்கிக்கிட்டு தினம் எவ்வளவு தூரம் போவீங்க?”

“மீட்டிங் ரூம் வரைக்கும்,” என்றார் அவர். கிண்டல் செய்யவில்லை, உண்மையைத்தான் சொன்னார். மீட்டிங் ரூம் எதிர்க்கதவு.

அடுத்த நாளே அக்கா விலகல் கடிதம் கொடுத்தார். இந்த வயதில் யார் வேலை தருவார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தினோம், நான் உட்பட. கால்வாய்க்கு அக்கரையில் ஒரு சின்ன நிலையம். அதை நடத்தும் அம்மாவே சைக்கிளில் சுற்றுகிறவர். அங்கே சம்பளத்தைக் கேட்பதற்கு முன் தராசை எடுத்து வைத்து அவர்களுடைய லேப்டாப்பை நிறுத்துப் பார்த்தாராம் அக்கா. ஒரு கிலோகூட இல்லை. சேர்ந்துவிட்டார்.

எந்த நிலையத்து நர்ஸ் வேண்டுமென்பது நோயாளியின் விருப்பம். ஒரே மாதத்தில் ஒன்பது பேர் அக்கா பின்னால் அக்கரைக்கு மாறிவிட்டார்கள். பத்தாவது ஆள் குவானா பெரியவர். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்து நுரையீரலைத் தொலைத்தவர், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், ஐந்தாவது மாடி. அவரையாவது பிடித்து நிறுத்தலாமென்று தட்சுகாவா என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் கக்கத்தில் அந்தப் புது லேப்டாப், என் தோளில் பழசு. மூன்றாம் மாடியிலேயே அவருக்கு இரைத்தது. பெரியவரின் வாசலில் நின்றபோது பேச்சே வரவில்லை.

“மொதல்ல உக்காருப்பா,” என்றார் குவானா. “மூச்சு வாங்கறது இந்த வீட்ல என் வேல.”

பிறகு என் பையைப் பார்த்தார். “நீ இன்னும் அந்தக் கல்லத்தான் சுமக்கறியாம்மா?”

நான் தலையசைத்தேன். பெரியவர் தட்சுகாவா பக்கம் திரும்பினார்.

“உன் கையில இருக்கறத இவகிட்ட குடு. அப்புறம் நீ சொல்றதக் கேக்கறேன்.”

தட்சுகாவா லேப்டாப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “அது முடியாதுங்க ஐயா. இது என் பேர்ல பதிவாயிருக்கு.”

பெரியவர் மாற்றல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, படியிறங்கும்போதே ஹிசாயோ அக்காவுக்குப் போன் போட்டேன். தட்சுகாவா எனக்கு இரண்டு படி முன்னால்தான் இறங்கிக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று சத்தமாகவே பேசினேன்.

“அக்கா, அங்க இன்னொரு நர்ஸுக்கு எடம் இருக்கா?”