சஹனில் அவள் பக்கம்

தண்டையார்பேட்டை நசீருக்குப் பெரிய வண்டி ஓட்டத் தெரியும், பொறுமையாக இருக்கத் தெரியும். 'போதும்' என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்கிக்கொள்ள மட்டும் தெரியாது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் டிரைவர் அவர். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் மற்றவர்கள் எரிச்சலில் ஹாரன் அடிப்பார்கள். நசீர் இறங்கிப்போய் முன்வண்டிக்காரருக்கு ஒரு சமோசா, பின்வண்டிக்காரருக்கு ஒரு சமோசா கொடுத்துவிட்டு வருவார். வேண்டாம் என்ற ஒருவரின் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு வந்த கதையும் உண்டு. அந்த எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை என்று சட்டைக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வீட்டில் இந்தக் குணத்துக்கு இன்னும் வசதி. அங்கே சஹன் இருந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு அது. மற்ற வீடுகளில் விருந்துக்கு மட்டும் வெளியே வரும். நசீர் வீட்டில் தினமும் அதில்தான் சாப்பாடு. அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் அவரவர் தொடவேண்டும். ஆனால் நம் பக்கத்தில் இருக்கும் நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம், அது பிரியம். தள்ளிவிட்டதைத் திருப்பித் தள்ளும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

நசீர் சின்னப் பையனாக இருந்தபோது அண்ணன் தம்பிக் கூட்டத்தில் மெதுவாகச் சாப்பிடும் அவருக்கு வெறும் சோறுதான் மிஞ்சும். அக்கா ஒருத்திதான் தன் துண்டை அவர் பக்கம் தள்ளிவிடுவாள். அன்றிலிருந்து பிரியம் என்றால் அவருக்குத் தள்ளுவது. கல்யாணமான புதிதில் மனைவி ரசூல் பீவி பக்கம் தள்ளினார். அவள் கெட்டிக்காரி, பேச்சு கொடுத்துக்கொண்டே பூனைக்குப் போட்டுவிடுவாள். மகள் அஜீசா பிறந்த பிறகு பூனை இளைத்துவிட்டது.

அஜீசாவுக்கு இப்போது பதினேழு வயது. படிப்பில் சூட்டிகை, வாயாடுவதில் அம்மாவை மிஞ்சியவள். ஆனால் படியேறினால் மூச்சு வாங்கும், முட்டி வலிக்கும். இந்த வயதிலேயே சர்க்கரையும் வந்துவிட்டது. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வரும். அது திரும்ப வரும்வரை நசீர் தலைமாட்டில் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாத்திரை, பத்தியம், காலையில் காசிமேட்டுப் பக்கம் நடை என்று எல்லாம் செய்து பார்த்தார்கள். இது அவள் சோம்பேறித்தனம் இல்லை, உடம்பின் வாகு, பரம்பரை என்று பல காரணம் இருக்கிறது, இந்த நிலையில் ஆபரேஷன் பண்ணுவது நல்லது என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். இரைப்பையைச் சிறிதாக்கிவிடுவார்களாம்.

"வண்டியில டேங்க சின்னதாக்குற மாதிரியா டாக்டர்?" என்று கேட்டார் நசீர்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்போ அடிக்கடி ரொப்பிக்கினே இருக்கணும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, முதலில் கவுன்சிலிங் மேடத்தைப் போய்ப் பாருங்கள், மனசளவில் தயார் என்று அவர் சொன்னால்தான் ஆபரேஷனுக்கு நாள் குறிப்போம் என்றார்.

நசீர் அதை லைசென்ஸ் டெஸ்ட் என்று எடுத்துக்கொண்டார். எட்டுப் போட்டுக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த மேடத்தைப் பார்க்க ஆட்டோவில் போகும்போதே மகளுக்குப் பாடம் நடத்தினார்.

"தோ பாரும்மா, அந்தம்மா இன்னா கேட்டாலும் சரி மேடம்னு சொல்லிடு. எதுக்கும் மாட்டேன்னு சொல்லிக்கினு இருக்காத. பேஜாரா பூடும்."

"சரி அத்தா" என்றாள் அஜீசா. அத்தாவிடம் மட்டும் அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

கவுன்சிலிங் மேடம் சாண்ட்ராவின் அறையில் ஒரு சிறிய மேசையும் நாலு நாற்காலியும் இருந்தன. ஒருவேளைக்கு எவ்வளவு சாப்பிடுவாய் என்று அவர் கேட்டார். அஜீசா அம்மாவைப் பார்த்தாள், ரசூல் பீவி நசீரைப் பார்த்தாள், நசீர் மின்விசிறியைப் பார்த்தார். மூன்று பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். யார் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சஹன் என்றால் என்னவென்று ரசூல் பீவி விளக்கிச் சொன்னாள். நசீர் தள்ளுகிற கதையையும் சேர்த்தே சொன்னாள். பூனையை மட்டும் மறைத்துவிட்டாள்.

சாண்ட்ரா சிரித்தார். பிறகு அஜீசாவிடம் திரும்பினார். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வேளைக்குச் சில ஸ்பூன்தான்மா சாப்பிட முடியும். அப்போ அத்தா ஒரு துண்டு தள்ளினா என்ன பண்ணுவ?"

"சாப்ட்டுருவேன்."

"வயிறு தாங்காதே. வாந்தி வரும்."

"அவரு எழுந்து போனப்பறம் வாந்தி எடுத்துக்கறேன். வேணாம்னா அவரு மூஞ்சி சுருங்கிப் பூடும் மேடம். எனக்கு அதப் பாக்க முடியாது."

அவள் அதை ஒளிவுமறைவில்லாமல், அத்தா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னாள். இத்தனை வருஷம் அவள் பசித்துச் சாப்பிடுகிறாள் என்றுதான் நசீர் நினைத்திருந்தார்.

"இப்போதைக்கு வேண்டாம். சில வாரம் கழிச்சு வாங்க" என்றார் சாண்ட்ரா. "ஆபரேஷன் வயித்துக்குத்தான் பண்ணுவாங்க. போதும்னு அஜீசாதான் சொல்லணும். அதை நீங்க கேட்டுக்கணும். வீட்டுல பழகிட்டு வாங்க."

திரும்பும் வழியெல்லாம் நசீர் புலம்பினார். மகளுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, இந்தம்மா தட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று கோபம். மறுநாளே ரசூல் பீவி மூன்று தனித்தட்டுகள் வாங்கி வைத்தாள். அன்றைய சாப்பாடு துக்க வீட்டுச் சாப்பாடு மாதிரி இருந்தது. நசீர் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சஹனே இருக்கட்டும்மா" என்றாள் அஜீசா. "எம் பக்கம் எனக்கு. அது போதும்."

சஹன் திரும்பி வந்தது. ரசூல் பீவி சோற்றிலேயே விரலால் வரப்புக் கட்டி, இது உங்கள் எல்லை என்று கணவருக்குக் காட்டினாள். நசீர் தலையாட்டினார். ஆட்டிய தலை கீழே இறங்குவதற்குள் கத்தரிக்காய்க்கு அடியில் ஒரு கறித்துண்டை மறைத்து, கஸ்டம்ஸ் கண்ணில் மண்ணைத் தூவும் பார்ட்டி மாதிரி, எல்லை தாண்ட விட்டார். அஜீசா கண்டுபிடித்தாள். இருந்தும் சாப்பிட்டுவிட்டாள். எழுந்து கை கழுவப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. குழாயடியில் அவள் அழுதுகொண்டிருந்ததை ரசூல் பீவிதான் பார்த்தாள். நசீரிடம் வந்து, "நீ பண்றது பாசம் இல்லய்யா, சொம்மா தொல்ல" என்றாள்.

அவர் அன்று வண்டியில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுபடி சாண்ட்ராவைப் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்பதைத் தவிர அஜீசாவுக்கு வேறு பதில் வரவில்லை என்றால் ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லை என்றால் அந்த மூச்சு நின்று நின்றுதான் வரும். அதற்குத் தன் கையும் ஒரு காரணம் என்பது அவருக்கு இப்போது புரிந்தது. ஆனால் புரிந்தது புத்திக்கு. கைக்கு யார் சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமை நசீர் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறும் கறியும். நல்லி எலும்பு நசீர் பக்கம் விழுந்திருந்தது. புத்தி வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, கை அதை அஜீசா பக்கம் தள்ளியது.

அஜீசா நல்லியைப் பார்த்தாள். அத்தாவைப் பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால், வரப்பைத் தாண்டி, அதை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள். ரசூல் பீவியின் வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. அந்த வீட்டில் யாரும் இதுவரை செய்யாத காரியம் அது.

நசீரின் முகம் சுருங்கியது. எவ்வளவு முயன்றும் அவரால் அதைத் தடுக்க முடியவில்லை.

"மூஞ்சி சுருங்கிச்சு பாரு அத்தா" என்றாள் அஜீசா. அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வையை விலக்கவில்லை. "சுருங்கட்டும். எனக்குப் போதும்."

நசீர் நல்லியைக் கையில் எடுத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வைத்து உறிஞ்சினார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நல்லியையும் அவர் தன் பக்கம் தங்கவிட்டதில்லை. அவர் முகம் மெல்ல விரிந்தது.

"இன்னா பீவி, இவ்ளோ நல்லா கீது! இதப் போயா நா தள்ளிக்கினு இருந்தேன்?"

ரசூல் பீவி சிரித்துவிட்டாள். நசீர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, அந்த மேடம் டெஸ்ட்ல நா இப்போ பாஸா?"

"ஒன்னப் பத்தித் தெரியாது அத்தா" என்றாள் அஜீசா, தன் பக்கத்தில் மீந்திருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தபடி. "நா பாஸு."